வேதத்தை இன்றைய தமிழில் வாசிப்போம்

ஆடிப்பெருக்கையொட்டிச் சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. முருகன், மீனாட்சி, மெக்கா, வேளாங்கண்ணி மாதா என எல்லாச் சமயத்தாருக்கும் உரிய படங்கள் ஒரே அச்சகத்தில், ஒரே மையில் உருவாகின்றன. கிறிஸ்தவ வீடுகளுக்கான தினசரிக் காலண்டரில் நாளுக்கொரு வேத வசனம் இருக்கும். லித்தோ கல்லில் தொடங்கிய இந்த ஊரின் அச்சுத்தொழில் ஆப்செட்டுக்கு மாறி, கணினிக்கும் வந்துவிட்டது. அந்தத் தாளில் அச்சாகும் வசனத்தின் தமிழ் மட்டும் பெரும்பாலும் 1871-லேயே நிற்கிறது.

ஹென்றி பவர் தலைமையில் புராட்டஸ்டண்டு மிஷன்கள் சேர்ந்து உருவாக்கிய ‘ஐக்கியத் திருப்புதல்’ வெளிவந்த ஆண்டு அது. தமிழ்ப் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் கையில் வைத்திருப்பது அதைத்தான். ஐந்து தலைமுறைகளுக்கு மேலாக ஜெபத்தையும் பாட்டையும் கல்லறை வாசகத்தையும் வடித்துத்தந்த நூல். அதன் பெருமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும், சபையில் கூடியிருப்பவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும் வேதம் இன்றைய தமிழில்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கேட்பவருக்கு விளங்காத வாசிப்பு, எவ்வளவு பக்தியோடு செய்யப்பட்டாலும், பாதி வாசிப்புதான்.

கேட்டுக் கேட்டு வளர்ந்த நம்பிக்கை

இந்தக் கரிசல் பூமியில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேரூன்றிய கதையே கேட்டலின் கதை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராக இருந்த தாமஸ் கஜெத்தான் ராக்லாந்து, சி.எம்.எஸ். மிஷனின் சென்னைச் செயலர் பொறுப்பை விட்டு 1854-ல் வடதிருநெல்வேலிக்கு வந்தார். இன்றைய சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் அன்று அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. அவரும் டேவிட் ஃபென், மெடோஸ் ஆகிய தோழர்களும் பங்களா கட்டிக்கொண்டு அமரவில்லை. கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார்கள். தென்திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவில் தமிழ் உபதேசியார்களை முறைவைத்து மாதந்தோறும் அவர்களோடு அனுப்பின. மந்தையிலும் மரத்தடியிலும் நின்று வாசித்துச் சொல்வதுதான் வேலை. நான்கே ஆண்டுகளில், 1858 அக்டோபரில், ராக்லாந்து சிவகாசியில் இறந்தார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் அந்தப் பணியின் தொடர்ச்சியாக எழுந்த ஊர்.

அந்தக் கூட்டங்களில் நின்றவர்களில் மிகப் பலர் எழுத்தறியாதவர்கள். உபதேசியாரின் வாய்ச்சொல்தான் அவர்களுக்கு வேதம். இன்று எழுத்தறிவு பெருகியிருக்கிறது. ஆனால் அதிகாலையில் கம்பெனி வண்டி ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போய்ச் சரம் பின்னிவிட்டு, அந்தி சாயத் திரும்பிச் சோறு பொங்கும் பெண்ணுக்கு வேதத்தை விரித்துவைத்துப் பொருள் தேட நேரம் ஏது? தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவருக்கும் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவருக்கும் அதே நிலைதான். அவர்களுக்கு வேதம் ஞாயிற்றுக்கிழமை காதில் விழுவதுதான். அந்த ஒரு வாசிப்பு புரியாமல் போனால், அந்த வாரத்துக்கு வேறு வாசிப்பு கிடையாது.

ஒருபோதும் ஓரிடத்தில் நின்றதில்லை

பழைய திருப்புதலை மாற்றக் கூடாது என்போர், அது தொடக்கத்திலிருந்தே அப்படியே இருப்பதுபோல் பேசுகிறார்கள். வரலாறு வேறு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-ல் அங்கேயே அச்சாயிற்று. இந்திய மொழி எதிலும் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்து 1719-ல் அவர் காலமானார். மீதியை பெஞ்சமின் சூல்ச் முடித்தார். இரண்டு தலைமுறைக்குள் அந்தத் தமிழ் போதாது என்று சென்னையில் ஃபப்ரீஷியஸ் முழுவதையும் புதிதாகச் செய்தார். அவரது புதிய ஏற்பாடு 1772-ல் வெளிவந்தது. அவர் மறைந்த பிறகு, 1796-ல், பழைய ஏற்பாடு நிறைவடைந்தது. பாளையங்கோட்டையில் ரேனியஸ் அதையும் திருத்தப் புகுந்தார். மூலத்தின் சொல்லைவிடப் பொருளே முதன்மை என்று 1827-ல் மொழிபெயர்ப்பு நெறிகள் குறித்து ஒரு கட்டுரையே எழுதினார். 1833-ல் அவரது புதிய ஏற்பாடு வந்தது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலுக்கு ஆறுமுக நாவலர் துணைநிற்க, 1850-ல் இன்னொரு மொழிபெயர்ப்பு வெளியானது. அதன் பிறகுதான் பவர்.

பவரும் தமிழை மேலோட்டமாகக் கற்றவர் அல்லர். 1868-ல் முத்தையா பிள்ளையின் துணையோடு சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தவர். அவ்வளவு இலக்கியப் பயிற்சி உள்ளவர், தம் காலத்துச் சபைகள் பேசிய, பாடிய தமிழைக் கேட்டே வேதத்தை வடித்தார். முன்னோர் மொழிபெயர்ப்பைத் திருத்தத் தயங்காதவர் அவர். தம் சொற்களை 150 ஆண்டுக்குப் பின்னும் யாரும் தொடக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார் என்று நம்ப எனக்கு இடமில்லை.

இறைவனைக் குறிக்கும் சொல்லே இந்த மூன்று நூற்றாண்டில் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று மாறி வந்திருக்கிறது. சொல் மாறிய ஒவ்வொரு முறையும் கலக்கம் இருந்தது, நம்பிக்கை அழிந்துவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் இதே பாதையில் வந்திருக்கிறது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனை விட்டுத் தாய்மொழிக்கு வந்தது. 1995-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பாகத் ‘திருவிவிலியம்’ வெளியானது. கத்தோலிக்கக் கோவில்களில் அது இயல்பாகிவிட்டது. புராட்டஸ்டண்டு சபைகளில் பெரும்பாலானவை அதைப் படிப்பறைக்கு உரிய நூலாக மட்டும் வைத்துவிட்டன.

ஸ்ரீவில்லிபுத்தூர் கற்றுத்தருவது

பழைய சமய நூலைப் புதிய தலைமுறைக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு விருதுநகர் மாவட்டத்திலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் பாசுரத்தின் ஓர் எழுத்தையும் யாரும் மாற்றுவதில்லை. மாற்றக் கூடாது; அது மூலம். ஆனால் வைணவர்கள் பாசுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசாமலிருக்கவில்லை. தத்தம் காலத்து மணிப்பிரவாள நடையில் உரை எழுதினார்கள். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை செய்த உரையில் பெரும்பகுதி அழிந்துபோனபோது, 15-ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் அந்தப் பகுதிக்குப் புதிதாக உரை எழுதி நிறைவுசெய்தார். மூலத்தைக் காப்பது ஒரு கடமை, அதைக் கேட்பவருக்கு விளக்குவது இன்னொரு கடமை என்று அவர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

தமிழ் வேதப்புத்தகம் இந்த இரண்டில் எந்தப் பக்கம்? பழைய ஏற்பாட்டின் மூலம் எபிரேயம். சில பகுதிகள் அரமேயம். புதிய ஏற்பாட்டின் மூலம் கிரேக்கம். தமிழில் நம் கையில் இருப்பது, ஒரு காலத்தவர் தம் காலத்தவருக்குச் செய்த விளக்கம். பாசுரத்துக்கு உரிய மாறாமையை உரைக்குக் கொடுத்தால், உரைகாரரைத்தான் வணங்குகிறோம். மூலத்தின் மீது உண்மையான மரியாதை உள்ளவர், அது இன்றைய கேட்பவரைச் சென்றடைகிறதா என்று கவலைப்படுவார்.

மூலமே எளிய மக்களின் மொழியில்தான் எழுந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் ஹோமரின் காவிய மொழியோ ஏதென்ஸ் அறிஞர்களின் மொழியோ அன்று. எகிப்தின் மணலில் தோண்டி எடுத்த பாப்பிரஸ் ஏடுகளை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் டைஸ்மன், கடைக்கணக்கிலும் குடும்பக் கடிதத்திலும் ரசீதிலும் புழங்கிய அதே மொழியில் சுவிசேஷங்களும் நிருபங்களும் எழுதப்பட்டிருப்பதைக் காட்டினார். புதிய ஏற்பாட்டுக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், பாபிலோனிலிருந்து திரும்பிய மக்களுக்கு எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது, லேவியர்கள் கூட நின்று பொருள் விளக்கினார்கள் என்று நெகேமியா புத்தகம் சொல்கிறது. விளங்கும்படி வாசிப்பது வேதத்துக்குள்ளேயே இருக்கும் மரபு.

கடினம் சொல்லில் மட்டும் இல்லை

பழைய திருப்புதலின் சிரமம் அதன் வடசொற்கள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ‘ஞானஸ்நானம்’, ‘சுவிசேஷம்’, ‘பரிசுத்தம்’ போன்றவை சபையில் வளர்ந்த எவருக்கும் பழகிய சொற்கள். பட்டாசு ஆலைப் பெண்ணுக்கும் அவை புரியும். உண்மையான முட்டுக்கட்டை வாக்கிய அமைப்பில் இருக்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் மூன்றாம் வசனத்திலிருந்து பதினான்காம் வசனம் வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியம். கிரேக்கத்தில் வினை முன்னே வந்து நிற்க, பின்னால் எத்தனை தொடரையும் கோத்துக்கொண்டே போகலாம். தமிழில் வினை கடைசியில் வரும். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், யார் யாருக்கு என்ன செய்தார் என்பது தெரிவதற்குள் முதலில் சொன்னது மறந்துபோகும். கண்ணால் படிப்பவர் திரும்பிப் பார்க்கலாம். காதால் கேட்பவர் திரும்ப முடியாது. நீண்ட வாக்கியத்தை நான்கைந்தாகப் பிரித்து, உறவு அறாமல் கோப்பதுதான் இன்றைய மொழிபெயர்ப்பாளரின் முதல் வேலை.

சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய வடசொல்லை எடுத்துவிட்டு, யாரும் பேசாத தனித்தமிழ்ச் சொல்லை வைத்தால் தூரம் குறையாது. தனித்தமிழின் பெரும் அறிஞரான தேவநேயப் பாவாணர் ஒரு கிறிஸ்தவர். ராஜபாளையத்தை அடுத்த முறம்பில் ஆசிரியப் பணியைத் தொடங்கியவர். அங்கே அவர் பெயரில் கோட்டமும் இருக்கிறது. அவருடைய உழைப்பைப் போற்றுபவர்களில் நானும் ஒருவன். ஆனால் தூய்மையாக்குவது வேறு, எளிமையாக்குவது வேறு. திருவிவிலியம் வாக்கியங்களைத் தெளிவாக்கியது பெரிய சாதனை. அதன் சில கலைச்சொற்கள் மட்டும் மேடைத் தமிழாக, வீட்டுக்குள் நுழையாமல் நிற்கின்றன. அடுத்த திருத்தத்தில் அவற்றை மறுபடி பார்க்க வேண்டும்.

நடையிலும் நம் மண்ணில் கைகொடுக்கும் வளம் இருக்கிறது. எபிரேயக் கவிதை எதுகையால் நடப்பதில்லை. ஒரு கருத்தை ஒரு வரியில் சொல்லி, அடுத்த வரியில் அதையே வேறு சொல்லால் திருப்பிச் சொல்லும் இணைவரிகளால் நடக்கிறது. நம் ஒப்பாரியின் இயல்பும் அதுவே. சங்கீதங்களையும் எரேமியாவின் புலம்பலையும் தமிழில் உயிரோடு கொண்டுவர வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பாளர் இழவு வீட்டில் பெண்கள் மாரடித்துப் பாடுவதைக் கேட்க வேண்டும். விதைப்பவன் கதையில் வரும் பாறை நிலம், முள், நல்ல மண் எல்லாம் மானாவாரிச் சம்சாரிக்குத் தெரிந்தவை. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி அத்தகைய சொற்களின் களஞ்சியம். வேதத்தை வட்டார வழக்கிலேயே எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. மண்ணையும் விதையையும் ஆட்டையும் பற்றிப் பேசும்போது, அவற்றோடு வாழ்பவரின் சொல் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழையதை நேசிப்போரின் நியாயம்

மாற்றத்தை எதிர்ப்பவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று தள்ளுவது அநியாயம். நெஞ்சில் பதிந்த வசனம் ஒருவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மருத்துவமனைக் கட்டிலில், மரணப் படுக்கையில் அவர் உதடு தேடுவது அந்த ஓசையைத்தான். அதைப் பறிக்க எந்தக் குழுவுக்கும் உரிமை இல்லை.

ரேனியஸின் திருத்தத்தை எதிர்த்துத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குரலெழுப்பினார். ஃபப்ரீஷியஸின் வேதத்தில் ஊறி வளர்ந்த கவிஞர் அவர். புதிதாக வந்த ஐரோப்பியர், சபையாரைக் கேட்காமல் சபையாரின் நூலில் கைவைக்கலாமா என்ற கேள்வி அந்த எதிர்ப்பின் உள்ளே இருந்தது. அந்தக் கேள்வி இன்றும் நியாயமானது. நாவலர் போன்ற பேரறிஞர் உழைத்த பெர்சிவல் மொழிபெயர்ப்பையும் தமிழ்நாட்டுச் சபைகள் ஏற்கவில்லை. புலமை மட்டும் ஒரு வேதத்தைச் சபைக்குள் கொண்டுவராது என்பதே அதிலிருந்து கற்க வேண்டியது.

இந்தச் சிக்கல் நம்மோடு தொடங்கியதும் இல்லை. ஜெரோம் எபிரேயத்திலிருந்து லத்தீனுக்குப் புதிதாக மொழிபெயர்த்த யோனா புத்தகத்தை வட ஆப்பிரிக்காவில் ஒரு சபையில் வாசித்தபோது, யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியின் பெயர் மாறியதற்காகவே மக்கள் கொந்தளித்தார்கள். அகஸ்டின் அதைக் கடிதத்தில் எழுதி ஜெரோமிடம் கவலைப்பட்டார். அன்று கலகத்துக்குக் காரணமான அதே லத்தீன் மொழிபெயர்ப்பு, பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேற்குத் திருச்சபையின் மாற்றக் கூடாத நூலாகிவிட்டது. 1522-ல் லுத்தர் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டை வெளியிட்டபோது எதிர்த்தவர்கள் அந்த லத்தீனைத்தான் காவல் காத்தார்கள். வீட்டிலிருக்கும் தாயிடமும் தெருவில் ஆடும் பிள்ளையிடமும் சந்தையில் நிற்கும் மனிதரிடமும் மொழியைக் கேட்டறிய வேண்டும் என்று 1530-ல் அவர் எழுதிய கடிதத்தில் வாதிட்டார். நேற்றைய புதுமை இன்றைய புனிதமாகி, நாளைய புதுமைக்குத் தடையாவது எல்லா ஊரிலும் நடக்கிறது. இதை அறிந்தவர்கள் சற்றுப் பொறுமையோடு ஒருவரையொருவர் கேட்கலாம்.

கூலியைப் பற்றிப் பேசும் வேதம்

புரிய வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அழகியல் காரணமல்ல. வேதத்தில் உழைப்பவருக்கென்றே எழுதப்பட்ட பகுதிகள் இருக்கின்றன. திராட்சத் தோட்டத்துக்குக் கூலியாள் தேடிச் சந்தைக்குப் போகும் முதலாளியின் கதை மத்தேயுவில் வருகிறது. வேலை கிடைக்காமல் பொழுதெல்லாம் நின்றவனுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம். அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த பணக்காரர்களை யாக்கோபின் நிருபம் கடுமையாக எச்சரிக்கிறது.

எண்ணிக்கைக் கூலிக்குச் சரம் பின்னுபவரும், அட்வான்ஸ் வாங்கிக் கடனில் கட்டுண்டவரும், மழைக்காலத்தில் காயப்போட இடமின்றி வேலை இழப்பவரும் இந்தப் பகுதிகளைக் கேட்டால், இது தங்களைப் பற்றியது என்று உடனே உணர வேண்டும். முதலாளியும் அதே ஆராதனையில் அமர்ந்திருப்பார். அவருக்கும் அது உறைக்க வேண்டும். பழைய நடை இங்கே ஒரு திரையாகிவிடுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. யாரையும் தொடாமல் போய்விடுகிறது.

துக்கத்திலும் அப்படியே. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். கருகிய உடலை அடக்கம் செய்யும் வீட்டில் எந்தச் சமயத்தவரும் தேடுவது ஆறுதலை. அங்கே யோபுவின் கேள்விகளை, ஏன் என்று கடவுளிடமே கேட்கும் சங்கீதங்களை வாசித்தால், அந்தக் கேள்வி தங்கள் கேள்வி என்று பெற்ற தாய்க்குத் தெரிய வேண்டும். வேதம் அவள் பக்கம் நின்று அழுகிறது என்பது அவளுக்கு எட்டாமல் போனால், அந்த வாசிப்பை யாருக்காகச் செய்கிறோம்?

செய்ய வேண்டியவை

முதலாவது, பொது வாசிப்பையும் மனப்பாடத்தையும் பிரித்துப் பார்ப்போம். மூப்பர்கள் நெஞ்சில் சுமக்கும் வசனங்களும் அவற்றில் பிறந்த கீர்த்தனைகளும் பழைய உருவிலேயே தொடரட்டும். ஆராதனையின் வேதபாடம், ஞாயிறு பள்ளி, அடக்க ஆராதனை ஆகியவற்றில் இன்றைய மொழிபெயர்ப்பை வாசிக்கட்டும். பழையதோடு வளர்ந்தவருக்கு இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கலாம். அதில் காலவிரயம் ஏதும் இல்லை.

இரண்டாவது, அச்சுக்குப் போகும் முன் வாய்விட்டு வாசித்துச் சோதிக்க வேண்டும். மொழிபெயர்ப்புப் பணியில் இது உலகெங்கும் உள்ள நடைமுறைதான்: ஒரு பகுதியை வாசித்துக் காட்டி, கேட்டவரைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், அவர் தடுமாறும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர்தான் தவறியிருக்கிறார். தமிழ் வேதத்துக்கு அந்தச் சோதனை இறையியல் கல்லூரிகளோடு நின்றுவிடக் கூடாது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பகுதிகளின் சிற்றூர்ச் சபைகளிலும் அது நடக்க வேண்டும். அதிகம் படிக்காத பெண்களின் பதிலுக்குப் பண்டிதரின் பதிலுக்கு நிகரான மதிப்பு வேண்டும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்புக் குழுவில் பெண்களும் தலித் கிறிஸ்தவர்களும் பெயருக்கு இல்லாமல் முடிவெடுப்பவர்களாக இருக்க வேண்டும். தமிழ்ச் சபைகளில் பெரும்பான்மையாக இருந்து கேட்பவர்கள் அவர்கள்தாம்.

நான்காவது, 1995-ல் கைகோத்த கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் மறுபடி ஒரு மேசையில் அமர வேண்டும். முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று பிள்ளை இருக்கிறது. தலைமுறைக்கு ஒருமுறை திருத்தம் என்பதைச் சபைகள் விதியாகவே வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் கலகம் எழாது. எதிர்பார்த்த மாற்றம் அச்சுறுத்துவதில்லை.

ஐந்தாவது, இந்த வட்டாரத்தின் அச்சகங்களும் சபைகளும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வசனக் காலண்டர்களிலும் ஆண்டுப் பிறப்பு வாக்குத்தத்த அட்டைகளிலும் பழைய வசனத்துக்குக் கீழே இன்றைய தமிழிலும் ஒரு வரி அச்சிடலாம். மொழிபெயர்ப்பின் உரிமை வைத்திருப்போரிடம் அனுமதி பெற வேண்டும். அதற்கு மேல் பெரிய செலவு இல்லை. எந்த மாநாட்டுத் தீர்மானத்தைவிடவும் அது புதிய தமிழை வீட்டுச் சுவருக்குக் கொண்டுசெல்லும்.

சீகன்பால்குக்குப் பின் பவர் வரை இந்தப் பணியில் இறங்கிய ஒவ்வொருவரும் தம் முன்னோரின் மொழிபெயர்ப்பை மதித்தார்கள், மதித்துக்கொண்டே திருத்தினார்கள். அவர்களுக்கு நன்றி செலுத்த நினைக்கும் சபை அவர்களுடைய சொற்களைக் காத்தால் மட்டும் போதாது. அவர்கள் செய்த வேலையைத் தன் காலத்தில் தானும் செய்ய வேண்டும்.